இருபதுக்கு இருபது: செய்முறைத் தேர்வு எதை அளக்கிறது?

பிப்ரவரி பிறந்துவிட்டால் பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பிராக்டிகல் பேச்சுதான். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் உள்ள மேலகரத்திலும் சரி, சுற்றியுள்ள கடையநல்லூர், வடகரை, பண்பொழி, செங்கோட்டையிலும் சரி, ரெக்கார்டு நோட்டு முடிந்ததா, கையெழுத்து வாங்கியாயிற்றா என்ற விசாரிப்புகளைக் கேட்கலாம். தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளையிடம் "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் முழு மார்க் போட்டுருவாங்க உம்மா" என்று பதில் வரும். நாமும் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அந்த நிம்மதி சரிதானா என்று யோசிக்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. காரணங்கள் இரண்டு. 2025 ஆகஸ்ட் 8 அன்று தமிழக அரசு வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கைவிடப்பட்டது. இன்னொரு பக்கம், 2024 நீட் தேர்வில் நடந்த வினாத்தாள் கசிவுக்குப் பிறகு அமைக்கப்பட்ட, இஸ்ரோ முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு, நுழைவுத்தேர்வுகளைக் கணினி வழிக்குக் கொண்டு போகப் பரிந்துரைத்தது. இரண்டுக்கும் நம் ஊர்ப் பள்ளி ஆய்வகத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். நேரடித் தொடர்பு இருக்கிறது.

முதலில் மதிப்பெண் கணக்கு. பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் 100 மதிப்பெண்ணில் 70 எழுத்துத் தேர்வுக்கு, 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. அதாவது ஒரு பிள்ளையின் அறிவியல் மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை 'கையால் செய்து காட்டியதற்காக' வழங்கப்படுகிறது. ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கும் ஒரு தேர்வு யாரைப் பற்றியும் எதையும் சொல்லாது. ஆர்வமாகச் செய்த பிள்ளையும், ஆய்வகப் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளையும் அதில் ஒன்றுதான்.

நான் படித்த காலத்தில் உப்புப் பகுப்பாய்வு என்றாலே பயம். ஆனால் தேர்வு நாளன்று பயம் இருக்காது. எந்த மேசையில் எந்த உப்பு என்பது உள்ளே போவதற்கு முன்பே காதுக்கு வந்துவிடும். விடை தெரிந்த பிறகு, அந்த விடைக்கு ஏற்ற 'சோதனை, காண்பது, அறிவது' மூன்றையும் மனப்பாடத்திலிருந்து எழுதுவோம். சோதனைக்குழாயில் வீழ்படிவு வந்ததா இல்லையா என்று யாரும் பார்த்ததில்லை. இதைப் படிக்கும் பலருக்கும் இதே அனுபவம் இருக்கும். ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே பியூரெட்டை ஐந்து பேர் சுற்றி நின்று பார்க்கும் வகுப்பில், பாடத்தை முடிக்கவே நேரமில்லாத ஆசிரியர், செய்முறை மதிப்பெண்ணைப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரு சிறு உதவியாகவே கருதுகிறார். அதில் இரக்கமும் இருக்கிறது.

அந்த இரக்கம் நுழைவுத்தேர்வு அறைக்குள் உதவாது.

நீட் தேர்வுக்கான பாடத்திட்டம் 2024-ல் மாற்றப்பட்டபோது, சில பகுதிகள் நீக்கப்பட்டன. அதை எல்லோரும் பேசினார்கள். சேர்க்கப்பட்டதைப் பலர் கவனிக்கவில்லை. இயற்பியலில் 'செய்முறைத் திறன்கள்' என்று ஒரு தனி அலகும், வேதியியலில் 'செய்முறை வேதியியல் சார்ந்த கொள்கைகள்' என்று ஒரு தனி அலகும் சேர்ந்தன. வெர்னியர் அளவி, திருகு அளவி, தனி ஊசல், மீட்டர் சமனச்சுற்று, ஒத்ததிர்வுத் தம்பம், தரம் பார்த்தல், உப்புப் பகுப்பாய்வு எல்லாம் அங்கே கேள்விகளாக வரலாம். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 கழியும். பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் தேர்விலும் இதே செய்முறை அலகு உண்டு. அது 2019 முதல் கணினியில்தான் நடக்கிறது.

ஒரு சிறு உதாரணம். வெர்னியர் அளவியின் தாடைகளை ஒட்டி வைத்தபோது, வெர்னியரின் சுழி, முதன்மை அளவுகோலின் சுழிக்கு வலப்புறம் நின்று, மூன்றாவது பிரிவு பொருந்துகிறது. அதே கருவியில் ஒரு குண்டை வைத்தால் முதன்மை அளவு 2.3 சென்டிமீட்டர், பொருந்தும் பிரிவு ஆறு. மீச்சிற்றளவு 0.01 என்றால் குண்டின் விட்டம் என்ன? கருவியைக் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளைக்கு, காலியாக இருக்கும்போதே கருவி 0.03 கூடக் காட்டுகிறது என்பது உடனே புரியும், 2.36-லிருந்து அதைக் கழித்து 2.33 என்று சொல்லிவிடும். கருவியைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை, சுழிப்பிழையைக் கூட்டுவதா கழிப்பதா என்ற சூத்திரத்தை நினைவில் தேடிக்கொண்டிருக்கும். அந்தக் குழப்பத்தின் விலை ஐந்து மதிப்பெண்.

இப்போது பிளஸ் ஒன் விஷயத்துக்கு வருவோம். நான் மேலே சொன்ன வெர்னியர், ஊசல், ஒத்ததிர்வுத் தம்பம் போன்ற அடிப்படைச் சோதனைகள் பெரும்பாலும் பிளஸ் ஒன் பாடத்தில் இருப்பவை. இரண்டு ஆண்டும் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற சுமை பிள்ளைகளிடமிருந்து இறங்கியது நல்லதுதான். நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால், பொதுத்தேர்வு இருந்தபோதே பெயரளவுக்கு நடந்த பிளஸ் ஒன் ஆய்வக வகுப்பு, அது இல்லாதபோது என்னவாகும்? 2018-க்கு முன்பு பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு ஜூன் மாதமே பிளஸ் டூ பாடம் நடத்தினார்கள் என்பதால்தான் அந்தத் தேர்வே கொண்டு வரப்பட்டது. அதை இவ்வளவு சீக்கிரம் மறக்க வேண்டாம்.

திரையில் ஒரு சோதனை

கணினித் தேர்வு என்றவுடன் நம் மனதில் வருவது நான்கு விடைகளில் ஒன்றைச் சொடுக்குவது. காகிதத்தில் வட்டத்தை நிரப்புவதைத் திரையில் செய்தால் அது கணினித் தேர்வு ஆகிவிடுமா? தாளின் விலை மிச்சமாகலாம், திருத்தும் நேரம் மிச்சமாகலாம். அறிவியல் சோதனையைப் பிள்ளை புரிந்துகொண்டதா என்ற கேள்விக்கு அதில் புதிதாக எந்தப் பதிலும் கிடைக்காது.

வேறு விதமாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உலக நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வு 2015-ல் பெரும்பாலான நாடுகளில் கணினிக்கு மாறியது. அதில் ஒரு கேள்வித் தொகுப்பு, வெயிலில் ஒருவர் ஒரு மணி நேரம் ஓடுவதைப் பற்றியது. திரையில் காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், ஓடுபவர் தண்ணீர் குடிக்கிறாரா இல்லையா ஆகிய மூன்றையும் மாணவரே மாற்றலாம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் வியர்வையின் அளவு, உடல் இழந்த நீரின் சதவீதம், உடல் வெப்பநிலை மூன்றும் அட்டவணையில் வந்து நிற்கும். நீரிழப்பு ஆபத்தா, வெப்பத்தாக்கு ஆபத்தா என்று கேட்டுவிட்டு அதோடு விடவில்லை. "உன் முடிவுக்கு ஆதாரமான இரண்டு வரிசைகளை அட்டவணையிலிருந்து தேர்ந்தெடு" என்றும் கேட்டார்கள். ஒன்றை மாற்றும்போது மற்றதை மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த பிள்ளையால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். ஏப்ரல், மே மாத வெயிலில் தென்காசி பேருந்து நிலையத்தில் நின்ற நமக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி ஏது?

அமெரிக்காவில் 2009-ல் நடந்த தேசிய அறிவியல் மதிப்பீட்டில் 4, 8, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்குக் கையால் செய்யும் சோதனைகளும், கணினியில் செய்யும் சோதனைகளும் தரப்பட்டன. முடிவுகள் 2012-ல் வந்தன. பனிக்கட்டி உருகும்போது கனஅளவு எப்படி மாறுகிறது என்பதை நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 71 சதவீதம் பேர் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று, தாங்கள் செய்த சோதனையிலிருந்து ஆதாரம் காட்டிச் சொன்னவர்கள் 15 சதவீதம் மட்டுமே. பன்னிரண்டாம் வகுப்பில், நீர் மாதிரிகளைச் சோதித்துத் தரவுகளைச் சரியாகப் பதிந்தவர்கள் 75 சதவீதம். அந்தத் தரவுகளை வைத்து, ஆதாரத்தோடு இறுதிப் பரிந்துரை சொன்னவர்கள் 11 சதவீதம். சாதாரணத் தேர்வாக இருந்தால் அந்த 71-ம் 75-ம் மட்டும்தான் வெளியே தெரிந்திருக்கும்.

கணினியின் உண்மையான பயன் இதுதான். விடையை மட்டுமல்ல, விடைக்கு வந்த வழியையும் அது பதிவு செய்யும். தரம் பார்த்தல் சோதனையைத் திரையில் வைத்தால், பிள்ளை பியூரெட்டின் முனையிலிருந்த காற்றுக்குமிழியை நீக்கியதா, முடிவுநிலை நெருங்கும்போது துளித் துளியாக விட்டதா, ஒரே அளவு இரண்டு முறை வரும்வரை திரும்பச் செய்ததா, அல்லது ஒரே தடவையோடு எழுதிவிட்டு எழுந்துவிட்டதா என்பதெல்லாம் பதிவாகும். நாற்பது பேரைச் சுற்றி வரும் ஒரு தேர்வாளரால் ஒவ்வொருவரையும் இப்படிப் பார்க்கவே முடியாது.

தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் இருபது அலைவுகளுக்கு நேரம் பார்க்கிறோம், ஒன்றுக்குப் பார்த்தால் போதாதா? பெரும்பாலான ரெக்கார்டு நோட்டுகளில் இதற்கு விடை இருக்காது. ஒரு மீட்டர் ஊசலின் ஓர் அலைவு ஏறத்தாழ 2 நொடி. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 நொடி முன்பின் ஆனால் அது பத்து சதவீதப் பிழை. ஈர்ப்பு முடுக்கக் கணக்கில் நேரம் இருமடியாக வருவதால் அது இருபது சதவீதமாகிவிடும். இருபது அலைவுகளுக்கு 40 நொடி, அதே 0.2 நொடிப் பிழை இப்போது அரை சதவீதம்தான், முடிவில் ஒரு சதவீதம். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை இயற்பியலில் ஒரு பெரிய படி ஏறிவிட்டது. 'ஒரே ஓர் அலைவு, இருபது அலைவு, இரண்டையும் திரையில் செய்து பார், எதை நம்புவாய், ஏன்?' என்ற ஒரு கேள்வி போதும் இதைச் சோதிக்க.

நாம் எங்கே நிற்கிறோம் என்பதற்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. பீசா தேர்வின் 2009 சுற்றின் நீட்டிப்பில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. அப்போது அது காகிதத் தேர்வுதான். அறிவியலில் வளர்ந்த நாடுகளின் சராசரி 501. தமிழ்நாடு பெற்றது 348, இமாச்சலம் 325. கலந்துகொண்ட 74 நாடுகள், பகுதிகளின் வரிசையில் நமக்குக் கீழே இருந்தவை இரண்டுதான். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு இந்தியா அந்தத் தேர்வுப் பக்கமே போகவில்லை. 2019-ல் மீண்டும் சேர ஒப்பந்தம் போட்டும் அது நடக்கவில்லை. கேள்விகள் பொருந்தவில்லை என்றால் நாமே பொருத்தமான கேள்விகளைத் தயாரித்திருக்கலாமே? ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்றில் சுழலும் காற்றாலைகளை நம் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். காற்றின் வேகம் இருமடங்கானால் காற்றில் உள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது என்பதை அவர்களே திரையில் மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கும்படி ஒரு கேள்வி வைத்தால், அதை எந்த ஊர்க் கேள்வி என்பது?

திரை தராதவை

இதற்காக ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுக் கணினியைத் திறக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செலவு குறைவு என்பதால் அந்த யோசனை ஒருநாள் வரத்தான் செய்யும்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷேவல்சன், கெயில் பாக்ஸ்டர், ஜெரோம் பைன் ஆகியோர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். மூடிய பெட்டிகள் சில. ஒன்றுக்குள் பேட்டரி இருக்கலாம், ஒன்றில் பல்பு, ஒன்றில் வெறும் கம்பி, ஒன்றில் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். வெளியிலிருந்து மின்சுற்று அமைத்து உள்ளே இருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். இதையே கணினியிலும் செய்ய வைத்தார்கள். ஒரே பிள்ளை கையால் செய்தபோது பெற்ற மதிப்பெண்ணும், கணினியில் பெற்ற மதிப்பெண்ணும் ஒத்துப்போகவில்லை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பக்கத்தில் நின்று கவனித்து மதிப்பெண் போடுவதற்கு மிக நெருக்கமாக வந்தது கணினி அல்ல, பலவுள் தெரிவுத் தாளும் அல்ல. சோதனை செய்துகொண்டே பிள்ளை தன் கையால் எழுதிய குறிப்பேடு. அதாவது, நாம் 'ரெக்கார்டு நோட்டு' என்று சொல்லி, முந்தைய ஆண்டு அக்காவின் நோட்டைப் பார்த்து நகலெடுத்து, படத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டி, கையெழுத்துக்கு நீட்டுகிறோமே, அதே பொருள். நம் கையில் இருந்த நல்ல கருவியை நாமே பாழாக்கி வைத்திருக்கிறோம்.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மேலே சொன்ன 2009 அமெரிக்க மதிப்பீட்டில், கையால் செய்யும் சோதனைகளில் மூன்று வகுப்புகளிலும் மாணவிகளே மாணவர்களை முந்தினார்கள். எழுத்துத் தேர்வில்தான் மாணவர்கள் முன்னால் நின்றார்கள். செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் பெண்பிள்ளைகள் ஜெயிக்கிறார்கள். ஆனால் தேர்வு கணினியில் என்று வரும்போது, வீட்டில் மடிக்கணினி யார் கையில் இருக்கிறது? வாப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது அண்ணன் மேசையில் இருக்கும். தங்கைக்குக் கிடைப்பது, அதுவும் கொஞ்ச நேரம், உம்மாவின் கைபேசி. மௌஸைப் பிடித்துப் பழகாத விரல்கள் தடுமாறினால், இயந்திரம் அதை 'அறிவியல் தெரியவில்லை' என்றுதான் எழுதிக்கொள்ளும். எந்தக் கணினித் தேர்வும், பழகிப் பார்க்கும் வாய்ப்பை எல்லோருக்கும் முதலில் கொடுத்த பிறகே நியாயமான தேர்வாகும்.

இயந்திரக் கோளாறுகளையும் மறக்கக் கூடாது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வு 2022-ல் முதன்முதலாகக் கணினியில் நடந்தபோது, ஆகஸ்ட் மாதம் பல மையங்களில் தொழில்நுட்பக் கோளாறால் தேர்வு ரத்தானது. போய்த் திரும்பிய பிள்ளைகளின் அலைச்சலுக்கு யாரும் ஈடு தரவில்லை.

நம்மிடம் இருப்பது

கணினி இல்லை என்று தமிழ்நாடு சொல்ல முடியாது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,029-ல் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், அதாவது ஹைடெக் லேப்கள், அமைக்கும் திட்டம் 2019-லேயே தொடங்கிவிட்டது. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்து, மேல்நிலைப் பள்ளிக்கு இருபது கணினிகள் என்பது கணக்கு. அவற்றில் வினாடி வினாக்களும் நடத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழைய பாணி. அந்தக் கூடங்களிலேயே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் பாவிப்புகளையோ, சி-டாக்கும் அமிர்தா பல்கலைக்கழகமும் உருவாக்கிய ஓ-லேப்ஸ் தளத்தையோ பயன்படுத்தலாம். 2005-ல் கொலராடோவில் செய்த ஆய்வில், மின்சுற்றுப் பாடத்தைத் திரையில் கற்ற மாணவர்கள், பிறகு உண்மையான கம்பியும் பல்பும் கொடுத்தபோதும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். திரையில் முதலில் பழகிவிட்டு ஆய்வகத்துக்குள் போனால், ஐந்து பேருக்கு ஒரு பியூரெட் என்ற நிலையிலும் கிடைக்கும் பத்து நிமிடம் வீணாகாது.

அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் நம் பகுதியில் ஏராளம். இந்தத் திட்டம் அரசுப் பள்ளிகளை மனதில் வைத்து வந்தது. உதவி பெறும் பள்ளிகளின் நிர்வாகங்கள்தான் தங்கள் பிள்ளைகளுக்கு வழி செய்ய வேண்டும். முன்னாள் மாணவர்கள் நன்கொடை தர முன்வரும்போது, நுழைவாயில் வளைவுக்குப் பதில் பத்து வெர்னியர் அளவியும் ஐந்து கணினியும் கேட்கலாம். இப்னுல் ஹைதம் ஒளியைச் சோதனை செய்து பார்த்து நூல் எழுதினார் என்று ஆண்டுவிழா மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். அதே பள்ளியின் ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில்லை.

மதிப்பெண் முறையில் என் கருத்து இது. 20 மதிப்பெண் செய்முறையை அப்படியே திரைக்கு மாற்றக் கூடாது. அதில் ஒரு பகுதியை மட்டும், ஐந்து மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம், 'ஏன் இப்படிச் செய்தாய், எந்தத் தரவு இதைச் சொல்கிறது' என்று கேட்கும் தமிழ்வழிக் கணினித் தேர்வுக்கு ஒதுக்கலாம். அதற்கு மதிப்பெண் வைப்பதற்கு முன்பு ஓராண்டு வெறும் பயிற்சியாக நடத்த வேண்டும். இருபது கணினியில் நூறு பேர் எழுத வேண்டுமானால் ஐந்து சுற்று ஆகும். முதல் சுற்றுக் கேள்வி ஐந்தாம் சுற்றுக்குக் கசியாமலிருக்கக் கேள்வி வங்கி பெரிதாக இருக்க வேண்டும். மீதி 15 மதிப்பெண் கைக்கும் குறிப்பேட்டுக்கும். அந்தக் குறிப்பேடு ஆய்வகத்திலேயே எழுதப்பட்டு, தேதியிட்டு, அங்கேயே வைக்கப்பட வேண்டும். வீட்டுக்குப் போய் நகலெடுத்து வரும் நோட்டாக அது இருக்கக் கூடாது.

இதெல்லாம் சென்னையில் முடிவாக வேண்டியவை. அதுவரை பெற்றோர் கேட்கக்கூடியது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திலோ கேட்கும் கேள்விகள்தான். இந்த ஆண்டு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஆய்வகம் வாரத்தில் எந்த நாள், எத்தனை பீரியட்? ஹைடெக் லேப் இருக்கும் பள்ளி என்றால், அறிவியல் ஆசிரியர் தன் வகுப்பை அங்கே கடைசியாக எப்போது அழைத்துப் போனார்? வீட்டிலும் ஒன்று செய்யலாம். உங்கள் பிள்ளையின் ரெக்கார்டு நோட்டை இன்று இரவு எடுத்து, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, "இந்த எண் உனக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கேளுங்கள்.